எலும்பு தேடியே ஓர் ஆயுள்: மகள் இந்தத் துறைக்குப் போகலாமா?

குடவாசல் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் திருச்சியில் பி.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறாள். முடித்துவிட்டு சிமெண்ட் கம்பெனிக்கோ சுரங்கத்துக்கோ போவாள் என்று நினைத்திருந்தோம். இந்தத் தீபாவளி லீவுக்கு வந்தவள், மனுசனுக்கு முன்னால் இருந்த மனுசன், அதாவது நம் மூதாதையரின் புதைபடிவம் தேடுகிற வேலைக்குத்தான் போவேன் என்று உறுதியாகச் சொல்கிறாள். லீக்கி, லூசி, துர்கானா என்று ஆள் பெயரும் எலும்பின் பெயரும் இடத்தின் பெயருமாக ராத்திரி பூராவும் பேசுகிறாள். அவள் அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குக் கொஞ்சம் புரிகிறது, ஆனால் பயமாக இருக்கிறது. இதையே வேலையாக வைத்துக்கொண்டவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன கிடைத்தது, எதை இழந்தார்கள்? தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஆசையைக் கிளப்பிவிடவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம்.

நாகை ஜியாலஜிஸ்ட்

அம்மா, நான் முப்பது வருடத்துக்கு மேல் எண்ணெய்க் கிணறு ரிக்கில் ஜியாலஜிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன். எலும்பு தேடுவது என் வேலை இல்லை, ஆனாலும் அந்தத் துறையைக் கல்லூரி நாளிலிருந்து விடாமல் படித்து வருகிறேன்.

உங்கள் மகள் சொன்ன லீக்கி குடும்பத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். லூயிஸ் லீக்கி 1903-ல் கென்யாவில் பிறந்தவர். இன்றைய தான்சானியாவில் இருக்கும் ஓல்டுவாய் பள்ளத்தாக்குக்கு அவர் முதல்முறை ஆட்களோடு போனது 1931. அங்கே கல்லாயுதம் கொட்டிக் கிடந்தது. யானை, பன்றி, மான் எலும்புகளுக்கும் குறைவில்லை. ஆயுதம் இருந்தால் செய்தவன் எங்கே? அந்தக் கேள்வியோடு அவரும் மனைவி மேரியும் கையில் காசு சேரும்போதெல்லாம் அங்கே போனார்கள். போரில் கொஞ்ச காலம் போனது. குழந்தைகளைக் கூடாரத்தில் வைத்தே வளர்த்தார்கள். தண்ணீரை வெகுதூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும், சிங்கம் நடமாடும் இடம் அது. ஒரு பல், ஒரு மண்டையோட்டுச் சில்லு என்று துக்கடாக்கள் கிடைத்ததே தவிர, இவன்தான் என்று காட்டும்படி ஒன்றுமே கிடைக்கவில்லை.

1959 ஜூலை 17. லூயிஸ் காய்ச்சலில் கூடாரத்தில் படுத்துக் கிடக்கிறார். மேரி தன் நாய்களோடு தனியாக நடக்கப் போகிறார். சரிவில் ஒரு எலும்பு லேசாக வெளியே தெரிகிறது. குனிந்து மண்ணைத் தள்ளினால் மேல்தாடைப் பற்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு கூடாரத்துக்கு வந்து கணவரை எழுப்புகிறார். அந்த மண்டையோடு ஏறக்குறைய 400 துண்டுகளாக இருந்தது, ஒட்டவைத்தவர் மேரிதான். 1961-ல் பொட்டாசியம்-ஆர்கான் முறையில் அந்த எரிமலைச் சாம்பல் படுகையின் வயது 17.5 லட்சம் வருடம் என்று வந்தபோது துறையே ஆடிப்போனது. அதுவரை பலரும் நினைத்திருந்த வயதைவிட அது ரொம்ப அதிகம்.

1931-லிருந்து 1959 வரை 28 வருடம். அந்த 28 வருடமும் அவர்களுக்கு வீண் நாட்கள் இல்லை என்பதை உங்கள் மகள் புரிந்து வைத்திருக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் படுகை மேலே, எந்தப் படுகை கீழே, எந்த மிருகம் எந்தக் காலத்தது, எந்த மாதிரிக் கல்லாயுதம் எந்த அடுக்கில் வரும் என்று அந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் அவர்கள் அப்போதுதான் படித்து முடித்தார்கள். அதனால்தான் மண்டையோடு கிடைத்ததும் அது என்ன, எந்த அடுக்கு என்று சொல்ல முடிந்தது. அந்தப் படிப்பு பிடித்திருந்தால் அவள் இந்தத் துறைக்குப் போகலாம். மண்டையோடு மட்டும்தான் வேண்டும் என்றால் போக வேண்டாம்.

இன்னொன்று. மேரி லீக்கிக்குக் கல்லூரிப் பட்டம் கிடையாது. அபாரமாகப் படம் வரைவார், கல்லாயுதங்களை வரையத்தான் இந்த வட்டாரத்துக்குள்ளேயே வந்தார்.

கடைமடை விவசாயி

நல்ல பதிவு சார். நான் தலைஞாயிறு பக்கம். ஒரு சந்தேகம், ஒரு வருத்தம்.

சந்தேகம்: நம் காவிரியும் ஆறுதானே, மனுசன் ஆத்தங்கரையில்தானே இருந்திருப்பான். நம் மண்ணில் ஏன் இந்த மாதிரி ஒன்றுமே கிடைப்பதில்லை? போர்வெல் போடும்போது பார்த்திருக்கிறேன், மணல், களி, மணல், களி, இதேதான் வருகிறது.

வருத்தம்: கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதே பெரும் பாடு. இருபது லட்சம் வருடத்துக்கு முந்தைய எலும்பைத் தேட உலகத்தில் பணம் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. என் மனசில் பட்டதைச் சொன்னேன்.

நாகை ஜியாலஜிஸ்ட்

கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. இதில் நான் வேலை பார்த்த மண்ணே வருவதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எலும்பு கல்லாக மாற, செத்த உடம்பு சீக்கிரம் மூடப்பட வேண்டும். ஆறு, ஏரிக்கரை, எரிமலைச் சாம்பல் எல்லாம் அதற்குத் தோது. ஆனால் மூடினால் மட்டும் போதாது, லட்சக்கணக்கான வருடம் கழித்து அதே படுகை மறுபடி மேலே வந்து அரிபட்டு, நாம் நடந்து போகிற நேரத்தில் எலும்பு வெளியே தெரிய வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பூமியே பிளந்துகொண்டிருக்கிறது. பழைய ஏரிப் படுகை தூக்கப்பட்டுச் சரிந்து கிடக்கிறது. மழை கொஞ்சம்தான், மரம் மட்டை குறைவு. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் மண்ணை அரித்துப் புதிதாக எதையாவது காட்டிவிட்டுப் போகும். அதனால் போன வருடம் நடந்த இடத்திலேயே இந்த வருடமும் நடக்கிறார்கள். போதாததற்கு இடையிடையே எரிமலைச் சாம்பல் அடுக்கு இருப்பதால் வயதைக் கணக்கிட்டுவிடலாம்.

நம் டெல்டா இதற்கு நேர் எதிர். இங்கே வெள்ளம் வந்தால் மூடும், அடுத்த வெள்ளம் அதையும் மூடும். ஏறக்குறைய 20,000 வருடத்துக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பனியுகம் முடிந்து கடல் ஏறி, ஆறேழாயிரம் வருடத்துக்கு முன் ஓரளவு நிலைப்பட்டது. நாம் நெல் நடுகிற வண்டலில் பெரும்பகுதி அதற்கப்புறம் காவிரி கொண்டுவந்து போட்டது. நாகைப் பக்கம் துளை போட்டால் களி, மணல், அதற்குக் கீழே கடல் சிப்பி கலந்த கருங்களி என்று வரும். பத்து லட்சம் வருடத்து ஆள் ஒருவன் அந்தக் காலத்துக் காவிரிக் கரையில் செத்திருந்தால், அவன் எலும்பு மண்ணுக்கு அடியிலோ இன்றைய கடலுக்கு அடியிலோ இருக்க வேண்டும். அதைத் தூக்கிக் காட்ட இங்கே மலை எழும்பவில்லை. நம் ஊரில் அம்மிக்குக்கூட வெளியூர்க் கல்தானே.

வருத்தத்துக்குப் பதில்: இந்தத் துறைக்குப் போகிற பணம் ரொம்பக் கொஞ்சம். அந்தப் படுகைகளைப் படித்துத்தான் மழை மாறியது, ஏரி வற்றியது, கடல் ஏறியது எல்லாம் தெரிந்துகொள்கிறோம். கடல் மறுபடி ஏறினால் முதலில் உப்பேறப் போவது உங்கள் வயல்தான். அந்தக் கணக்கைப் போடுகிறவர்களும் இதே படிப்பைப் படித்தவர்கள்தான்.

நைரோபி கும்பகோணத்தான்

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கும்பகோணம், பிழைப்பு நைரோபியில். இங்கே மியூசியத்தில், கென்யாவின் துர்கானா ஏரிப் பக்கம் கிடைத்த, துர்கானாப் பையன் என்கிற ஆதிச் சிறுவனின் எலும்புக்கூடு இருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.

லீக்கி பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பையனைக் கண்டெடுத்தவர் காமோயா கிமேயு. கம்பா இனத்தவர், தென் கென்யாவில் எளிய குடும்பம், ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. 1960-ல் ஓல்டுவாயில் லீக்கிகளிடம் கூலியாளாகச் சேர்ந்தார். மனுச எலும்பைத் தோண்டுகிற வேலை என்றதும் அந்தக் காலத்தில் பலருக்குத் தயக்கம். புதைகுழியைத் தோண்டுவதை எந்த ஊரில்தான் ஏற்பார்கள்? இவர் போனார்.

போனவர் என்னென்ன கண்டெடுத்தார் பாருங்கள். 1964-ல் நேட்ரான் ஏரிப் பக்கம் பெனின்ஜ் என்ற இடத்தில் ஒரு முழுக் கீழ்த்தாடை. 1967-ல் எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றோரம் நம் இனத்து ஆளின் எலும்புகள், அவை குறைந்தது 2,30,000 வருடப் பழசு என்று 2022-ல் வந்த ஆய்வு சொல்கிறது. 1984 ஆகஸ்டில் துர்கானா ஏரிக்கு மேற்கே நரியோகோடோமே என்ற காய்ந்த ஆற்றங்கரை. அன்று ஓய்வு நாள். மற்றவர்கள் துணி துவைத்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தபோது இவர் கூடாரத்துக்கு எதிர்க்கரையில் சும்மா நடக்கிறார். கறுப்புக் கூழாங்கற்கள் நடுவே அதே நிறத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சில்லு. அதை நெற்றி எலும்பு என்று கண்டுகொண்டார். அப்புறம் பல பருவங்கள் டன் கணக்கில் மண்ணை வெட்டிச் சலித்ததில் ஒரு சிறுவனின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுசாக வந்தது, வயது சுமார் 15 லட்சம் வருடம். அத்தனை பழைய ஆள் அவ்வளவு முழுமையாகக் கிடைத்தது அதற்கு முன் கிடையாது.

1977-ல் இவரைக் கென்ய அருங்காட்சியகத்தின் தொல்லிடங்களுக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். 1985-ல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் கையால் பதக்கம். பழைய குரங்கினம் இரண்டுக்கு இவர் பெயர் வைத்திருக்கிறார்கள். கௌரவ டாக்டர் பட்டம் 2021-ல்தான் வந்தது, அடுத்த வருடம் ஜூலையில் இறந்துவிட்டார். லூயிஸ்-மேரியின் மகன் ரிச்சர்ட் லீக்கி இறந்ததும் அதே 2022, ஜனவரியில்.

அம்மா, உங்கள் மகள் யாரையாவது முன்மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இவரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாயவரம் வாத்தியார்

காமோயாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி தம்பி. எங்கள் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்தது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் செம்பியன்கண்டியூர். 2006-ல் ஒரு பள்ளி ஆசிரியர் கொல்லைப்புறத்தில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி வெட்டியபோது வழவழப்பான கற்கோடரி ஒன்று வந்தது. அதில் கீறியிருந்தவை சிந்துவெளிக் குறியீடுகள் போல இருப்பதாகக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் சொன்னதும் இந்தியா முழுவதும் பேச்சு. அந்தக் குறியீடுகள் பற்றி இன்னும் ஒத்த கருத்து இல்லை, அது வேறு விஷயம். அந்த ஆசிரியர் அதைச் சாதாரணக் கல் என்று வரப்பில் வீசாமல் எடுத்து வைத்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கல்லே இல்லாத ஊரில் ஒரு கல் கிடைத்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்ற வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வி. காமோயாவை விஞ்ஞானி என்று சொல்லலாமா? கண்டெடுப்பது திறமைதான், மறுக்கவில்லை. அது என்ன இனம், எப்படி நடந்தது, என்ன தின்றது என்று நிறுவியவர்கள் வேறு ஆட்கள். என் மாணவர்களுக்கு இரண்டையும் ஒன்று என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

புனே ஆய்வு மாணவி

வணக்கம், நான் பட்டுக்கோட்டை. புனேவில் பழங்கற்காலத்தில் பிஎச்.டி. செய்கிறேன்.

வாத்தியார் ஐயா கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. எடுத்த பிறகு நடக்கிற வேலையை வெளியே யாரும் பார்ப்பதில்லை. எத்தியோப்பியாவில் ஆர்டி என்கிற பழைய மூதாதையரின் முதல் எலும்புகள் 1994-ல் கிடைத்தன, முழு ஆய்வும் வெளிவந்தது 2009-ல். எலும்பு அவ்வளவு நொறுங்கிக் கிடந்தது, தொட்டால் பொடியாகும். அதே நாட்டில் திகிகாவில் 2000 டிசம்பரில் ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது, பெயர் செலாம், 33 லட்சம் வருடம். செரெசெனாய் அலெம்செகெட் அதைச் சுற்றியிருந்த மணற்கல்லைப் பல் டாக்டர் வைத்திருக்கிற கருவியால் மணி மணியாகக் கிள்ளி எடுத்தார், வருடக்கணக்கில். கட்டுரை வந்தது 2006-ல். இந்தப் பொறுமை இல்லாமல் கண்டெடுத்து என்ன பயன்?

ஆனாலும் மீதிப் பாதியில் நான் ஐயாவோடு உடன்படவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டெயின் குகையில் நடந்ததைச் சொல்கிறேன். 1994-ல் ரான் கிளார்க், மிருக எலும்பு என்று வைத்திருந்த பெட்டியில் மனித மூதாதையரின் பாத எலும்புகளைக் கண்டார். 1997-ல் கால் எலும்பின் உடைந்த துண்டு ஒன்றும் அகப்பட்டது. உடைப்பு புதுசு, அப்படியென்றால் மீதி இன்னும் குகையில் இருக்க வேண்டும். அந்தத் துண்டின் வார்ப்பு நகலை ஸ்டீஃபன் மொட்சூமி, என்க்வானே மொலெஃபே என்ற இரண்டு உதவியாளர்களிடம் கொடுத்து, இதோடு பொருந்துகிற எலும்பு குகைச் சுவரில் எங்கே இருக்கிறது, பாருங்கள் என்றார். கும்மிருட்டு, கையில் விளக்கு, சுண்ணாம்புப் பாறை. இரண்டு நாளுக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள், துண்டு அப்படியே பொருந்தியது. அதைப் பாறையிலிருந்து முழுசாக விடுவித்து உலகத்துக்குக் காட்ட 2017 டிசம்பர் ஆனது. முதல் இரண்டு நாளில் அந்த இரண்டு பேர் செய்தது விஞ்ஞானம் இல்லையென்றால் வேறு என்ன?

நைரோபி கும்பகோணத்தான்

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வாத்தியார் ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம், காமோயா கூலிக்குக் குனிந்து பொறுக்கியவர் இல்லை. மூட்டு எலும்பில் ஒரு விரல் அளவு துண்டைப் பார்த்தால் மானா, பன்றியா, பபூனா, மனுசனா என்று சொல்ல வேண்டும். துர்கானா வெயிலில், 40 டிகிரியில், ஆயிரம் மிருக எலும்பைத் தாண்டினால் ஒன்று மனுசனுடையது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எலும்பின் உடற்கூறு தலைக்குள் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. இவர் தனக்குக் கீழே ஒரு படையையே பயிற்றுவித்தார். 1972-ல் புகழ்பெற்ற 1470 எண் ஆதி மனித மண்டையோட்டைக் கண்டவர் பெர்னார்ட் என்கெனியோ. 1999-ல் தட்டை முகக்காரன் என்கிற மூதாதையரின் மண்டையோட்டைக் கண்டவர் ஜஸ்டஸ் எருஸ். இந்தப் பெயர்களைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொரு வருத்தம். சாட் நாட்டுப் பாலைவனத்தில் 2001-ல் கிடைத்த 70 லட்சம் வருட மண்டையோட்டை, தூமாய் என்பார்கள், கையில் எடுத்தவர் அகுந்தா ஜிம்துமல்பாயே என்ற சாட் நாட்டு மாணவர். செய்தியில் பெரிதாக வந்தது மிஷெல் புருனே பெயர்தான். புருனேயையும் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் கிழக்கே தேடியபோது மேற்கே தேடியவர். கூட வந்த நண்பர் ஏபெல் பிரியான்சோ 1989-ல் கேமரூனில் மலேரியாவில் இறந்துபோனார். 1995-ல் கிடைத்த தாடைக்கு அந்த நண்பரின் நினைவாக ஏபெல் என்று பெயர் வைத்தார். அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது.

மாயவரம் வாத்தியார்

கோபம் எதற்கு தம்பி. குகைக்குள் நடந்ததை இப்போதுதான் கேள்விப்படுகிறேன், அந்த இடத்தில் என் வாதம் நிற்காது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காகப் பட்டம் வேண்டாம் என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது. காமோயாவுக்கு முன்னால் கதவு மூடியிருந்தது, அவர் சுவரேறிக் குதித்தார். இவளுக்குக் கதவு திறந்திருக்கிறது, நிமிர்ந்தே போகலாமே.

குடவாசல் அம்மா

எல்லாவற்றையும் மகளோடு உட்கார்ந்து படித்தேன். காமோயாவை அவளுக்கும் தெரியவில்லை, இப்போது அவரைப் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அம்மாவாக ஒரு கேள்வி, வெளிப்படையாகவே கேட்கிறேன். பொம்பளைப் பிள்ளை மாசக்கணக்கில் காட்டில் கூடாரத்தில் இருக்க முடியுமா? கல்யாணம், குழந்தை என்று வந்தால் இதெல்லாம் என்ன ஆகும்? வருமானம் எவ்வளவு?

புனே ஆய்வு மாணவி

அக்கா, என் அம்மா என்னிடம் கேட்ட அதே கேள்விகள். மறைக்காமல் சொல்கிறேன்.

கூடாரம் கஷ்டம்தான். கழிப்பறைக்குப் பள்ளம் வெட்டி ஓலைத்தட்டி கட்டுவோம். மாதவிலக்கு நாட்களில் வெயிலில் நடப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டோடு பேச முடியாது. எந்தக் குழுவோடு போகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். குழுத் தலைவர் யார், பெண்கள் எத்தனை பேர், புகார் வந்தால் யாரிடம் சொல்வது என்று சேருவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். இதில் வெட்கப்படக் கூடாது. முதல் பருவத்திலேயே ஒரு குழுவிலிருந்து நான் விலகி வந்திருக்கிறேன், அதற்காக வருத்தப்படவும் இல்லை.

பெண்களால் முடியுமா என்றால், 2013-ல் தென்னாப்பிரிக்காவில் ரைசிங் ஸ்டார் குகையில் நலேடி என்கிற பழைய மனித இனத்தின் எலும்புகளை எடுத்தது ஆறு பெண் ஆய்வாளர்கள். உள்ளே போகிற பிளவு ஓரிடத்தில் 18 செ.மீ. அகலம்தான், உடம்பு ஒடுங்கியவர்களாகவும் பயிற்சி உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும் என்று விளம்பரம் கொடுத்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1,500-க்கு மேல் எலும்புகள் வந்தன. அந்த மனிதர்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள் என்று பின்னால் சொல்லப்பட்டதைப் பலர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. எலும்பை எடுத்த வேலையின் நேர்த்தியில் மட்டும் சந்தேகமே இல்லை.

குழந்தை விஷயத்தில் மீவ் லீக்கியைச் சொல்வேன். ரிச்சர்டின் மனைவி. இரண்டு பெண் குழந்தைகள், அவர்களைத் துர்கானா முகாமுக்கே கூட்டிப் போய் வளர்த்தார். 1470 மண்டையோட்டின் நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகளைப் பொருத்தியதில் பெரும்பங்கு இவருடையது. ரிச்சர்ட் 1989-ல் வனவிலங்குத் துறைக்குப் போன பிறகு களவேலையை நடத்தியதும் இவர்தான். பெரிய மகள் லூயீஸ் இன்று அதே ஏரிக்கரையில் வேலை செய்கிறார். துணையாக வருகிறவரும் இந்த வேலையைப் புரிந்துகொண்டவராக இருந்தால் நடக்கிறது. இல்லாவிட்டால் ரொம்பக் கஷ்டம், என் தோழிகளிடம் பார்த்துவிட்டேன்.

வருமானம்: நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. அது அஞ்சு வருடம் வரை. அதற்கு அப்புறம்தான் உண்மையான கவலை. இந்தியாவில் மனித மூதாதையரின் எலும்புக்கு என்றே நிரந்தர வேலை விரல் விட்டு எண்ணும்படிதான்.

கணக்குப்பிள்ளை

அந்தக் கடைசி வரியைத்தான் பெற்றோர்கள் மூன்று முறை படிக்க வேண்டும். நான் தஞ்சாவூர், ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஆர்வம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முதல்முதலில் இதையே குறியாக வைத்துக் கிளம்பியவரின் வாழ்க்கையைப் பாருங்கள்.

யூஜின் துபுவா, டச்சுக்காரர், மருத்துவர். ஆம்ஸ்டர்டாமில் உடற்கூறு விரிவுரையாளர் வேலை, அடுத்து பேராசிரியர் ஆகலாம். அதை உதறிவிட்டு 1887-ல் இளம் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ராணுவ டாக்டராக இந்தோனேசியாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே போக வேறு வழியில்லை, சம்பளத்துக்கு ராணுவ வேலை, மிச்ச நேரத்தில் குகை தோண்டுவது. நம் நாகப்பட்டினத்தை ஒரு காலத்தில் ஆண்ட அதே டச்சுக்காரர்கள்தான் அப்போது ஜாவாவை ஆண்டார்கள். கைதிகளைத் தோண்டும் வேலைக்குக் கொடுத்தார்கள். 1891-ல் சோலோ ஆற்றங்கரையில் திரினில் என்ற இடத்தில் ஒரு மண்டையோட்டின் மேல்மூடி, அடுத்த வருடம் ஒரு தொடை எலும்பு. தேடிப் போனது கிடைத்தே விட்டது! இப்படி யாருக்கு நடக்கும்? ஆனால் ஊர் திரும்பியதும் ஒருவர் குரங்கு என்றார், ஒருவர் மனிதன் என்றார், இரண்டு எலும்பும் ஒரே ஆளுடையதே இல்லை என்றார் இன்னொருவர். மனம் கசந்து எலும்புகளை யாருக்கும் காட்டாமல் வருடக்கணக்கில் பூட்டி வைத்தார், 1923 வரை. 1940-ல் இறந்தார். அவர் கண்டது இன்று ஹோமோ எரெக்டஸ் என்கிற ஆதி மனித இனம் என்று உலகமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அவருக்கு என்ன கிடைத்தது?

நாகை ஜியாலஜிஸ்ட்

கணக்குப்பிள்ளை சொன்னதில் தகவல் எதுவும் தப்பில்லை. ஆனால் துபுவாவின் கசப்புக்கு எலும்பு காரணம் இல்லை, தனியாளாக எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டதுதான் காரணம் என்பது என் எண்ணம். ரிச்சர்ட் லீக்கிக்கும் பெரிய சண்டை வந்தது. 1470-க்கு முதலில் 26 லட்சம் வருடத்துக்கு மேல் வயது சொன்னார்கள். அதே படுகையில் கிடைத்த பன்றிப் பற்களை எத்தியோப்பியப் பன்றிப் பற்களோடு ஒப்பிட்டவர்கள் வயது பொருந்தவில்லை என்றார்கள். பல வருடம் இழுத்தது. கடைசியில் சாம்பலை மறுபடி அளந்து சுமார் 19 லட்சம் என்று ஆனது. பன்றிதான் ஜெயித்தது. ரிச்சர்டும் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார். 1979-ல் தம்பி கொடுத்த சிறுநீரகத்தோடு மறுபடி களத்துக்கு வந்த மனுசன் அவர், 1993 விமான விபத்தில் இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே இழந்த பிறகும் ஓயவில்லை.

சரி, இந்தியாவில் பிழைப்புக்கு வழி என்ன? 1982 டிசம்பர் 5. நர்மதைக் கரையில் ஹத்னோரா கிராமத்தில் இந்தியாவின் முதல் ஆதி மனித மண்டையோட்டைக் கண்டவர் அருண் சோனகியா. அவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஊழியர், மாதச் சம்பளக்காரர். உங்கள் மகள் எம்.எஸ்சி. ஜியாலஜி முடித்து யு.பி.எஸ்.சி. நடத்துகிற புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். வேலை உறுதி, ஓய்வூதியம் உண்டு, களமும் உண்டு. எந்தக் களம் என்பது அவள் கையில் இருக்காது, அது மட்டும்தான் குறை. ஆய்வுதான் வேண்டும் என்றால் லக்னோவில் பீர்பால் சாஹ்னி நிறுவனம், டேராடூனில் வாடியா நிறுவனம், புனேவில் டெக்கான் கல்லூரி. வெளிநாட்டு அனுபவத்துக்குத் துர்கானாவிலேயே ரிச்சர்ட் தொடங்கிய நிறுவனம் களப்பள்ளி நடத்துகிறது, ஆனால் செலவு அதிகம்.

நம் மாநிலத்தை விட்டுவிட வேண்டாம். 1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் கைக்கோடரியைக் கண்டெடுத்ததிலிருந்துதான் இந்தியப் பழங்கற்கால ஆய்வே தொடங்குகிறது. அதே வருடம் கண்ட அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் வருடக்கணக்கில் தோண்டி, அந்தக் கருவிகள் சுமார் 15 லட்சம் வருடம் பழசு என்று 2011-ல் வெளியிட்டார்கள். துர்கானாப் பையன் நடமாடிய காலம். கருவி ஆயிரக்கணக்கில் கிடைத்தது, செய்தவனின் ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை. ஓல்டுவாயில் 1931-ல் லூயிஸ் கேட்ட கேள்வி இங்கே அப்படியே கிடக்கிறது. யாராவது தமிழ்நாட்டில் அதைக் கண்டால் நான் உயிரோடு இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

கடைமடை விவசாயி

சார், அத்திரம்பாக்கம் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். என் வருத்தம் முழுசாகத் தீரவில்லை, ஆனால் அந்தப் பிள்ளை போகட்டும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. டெல்டாவுக்குப் பக்கத்தில் கண்ணைப் பழக்க இடம் ஏதும் இருக்கிறதா? என் பையன் எட்டாவது படிக்கிறான், அவனும் கேட்கிறான்.

புனே ஆய்வு மாணவி

இருக்கிறது அண்ணே. கொள்ளிடம் தாண்டினால் அரியலூர், பெரம்பலூர். அங்கே மனுசன் கிடையாது, டைனோசர் காலத்துக் கடல். காரை என்கிற ஊர்ப் பக்கம் செம்மண் ஓடைகளில் நடந்தால் சிப்பி, நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் எல்லாம் காணலாம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் ஓடைக்குப் போனால் எது எதுவென்று தெரியும். 2020-ல் குன்னம் பக்கம் உருண்டை உருண்டையாக வந்ததை டைனோசர் முட்டை என்று ஊரே கூடியது, பார்த்தால் அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகள்.

குடவாசல் அம்மா

மகள் எம்.எஸ்சி. முடிக்கட்டும், அந்த யு.பி.எஸ்.சி. தேர்வும் எழுதட்டும், கூடவே ஆய்வுக்கும் முயற்சி செய்யட்டும் என்று அவள் அப்பாவும் ஒத்துக்கொண்டார். அரைமனசோடுதான், ஆனாலும் ஒத்துக்கொண்டார். பொங்கல் லீவில் மூன்று பேருமாக அரியலூர் போகலாம் என்று இருக்கிறோம். கடைமடைத் தம்பி, உங்கள் பையனையும் அனுப்புங்கள், காரில் இடம் இருக்கிறது. என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

நாகை ஜியாலஜிஸ்ட்

தொப்பி, நிறையத் தண்ணீர், முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடுகிற ஷூ, ஒரு நோட்டு, பென்சில், அளவுக்கு வைக்க ஸ்கேல், போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளும் வசதி. சுத்தியல் வேண்டாம். சிமெண்ட் கம்பெனிச் சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். சாத்தனூர்ப் பூங்காவில் எதையும் கையில் எடுக்கக் கூடாது. ஓடையில் பார்த்ததைக் கிடந்த இடத்திலேயே ஸ்கேலோடு படம் பிடித்து, எந்த அடுக்கிலிருந்து உருண்டு வந்திருக்கும் என்று சரிவில் மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், வெயில் சாய்வாக இருக்கும்போதுதான் மேடு பள்ளம் நன்றாகத் தெரியும். நோட்டில் எழுதியதைப் படம் எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.